வெயிலுக்குக் காட்டாத பிள்ளை

14-6-2016

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பிரமுவுக்கு வலிப்பு வருகிற தேதி, நேரம், எத்தனை நிமிஷம், எந்தப் பக்கம் இழுத்தது, நாக்கைக் கடித்தாளா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து அடுத்த தடவை கொண்டுவர வேண்டுமாம். எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க என்று கேட்டார். பன்னிரண்டாவது என்றேன். "அப்ப நல்லாவே எழுதுவீங்க" என்றார். பீடி சுற்றுகிறவளிடம் யாரும் எழுது என்று சொல்வதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் நோட்டுத்தான் வாங்கினேன்.

பெயர் த. பிரம்மசக்தி. வயது பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. எட்டாம் வகுப்பு. மே மாதத்தில் மூன்று தடவை வந்தது. மூன்றும் வீட்டில் வைத்து. யாரும் பார்க்கவில்லை.

மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒருவேளைகூட விடக் கூடாது. டாக்டரம்மா இன்னும் நிறையச் சொன்னார். இந்த மாத்திரை நாள்பட நாள்பட எலும்பிலுள்ள சத்தை இறக்குமாம். வளருகிற பிள்ளை என்பதால் பால், முட்டை, மீன், கேழ்வரகு எல்லாம் கொடுக்க வேண்டும். தினமும் வெயிலில் ஓடி ஆட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் எழுதியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும்.

"ஓடியாடறதுக்கு இவளுக்குச் சொல்லணுமா? பள்ளிக்கூடத்துல வளையப்பந்து டீம்ல இருக்கா" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். பிரமு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வரும் வழியில் பஸ்ஸில் அந்த டாக்டரம்மா பேசுவது போலவே பேசிக் காட்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

15-6-2016

வரவில்லை.

16-6-2016

வரவில்லை. பீடி இலை நனைய வைத்தேன். மூத்தவள் கோமதியின் ஜாதகத்தை நகல் எடுத்துத் தரகரிடம் கொடுத்தேன். கோமதிக்கு இருபது முடிந்துவிட்டது. பி.காம். பாஸ். வருகிற தையில் முடித்துவிட வேண்டும் என்று இவர் போனில் சொன்னார். இவர் திருவனந்தபுரத்தில் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மாதம் ஒருமுறை இரண்டு நாள் வருவார்.

22-7-2016

நேற்று எழுத முடியவில்லை. வட்டார விளையாட்டுப் போட்டி. பிரமு ஒற்றையர் ஆட்டத்தில் பாதியில் விழுந்துவிட்டாள். ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வாத்தியார்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரோ கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். நான் போனபோது பாவாடை நனைந்து, வாயில் நுரையோடு கிடந்தாள். ஒரு பெண் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தெரு கனகமணி மைனியும் வந்திருந்தாள், அவள் மகன் ஓடுகிறான் என்று. எதுவும் கேட்கவில்லை. கோமதிக்கு வரன் பார்க்கிறது அவளுக்கும் தெரியும். "பத்திரமாப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல்தான் நேற்றிலிருந்து நெஞ்சில் நிற்கிறது.

25-7-2016

இவர் வந்தார். பேசி முடிவு செய்தோம். கோமதி கழுத்தில் தாலி ஏறுகிறவரைக்கும் சின்னவள் வெளியே தெரிய வேண்டாம். "தங்கச்சிக்கு இருந்தா அக்காளுக்கும் இருக்கும்னு சொல்லுவானுவ. பிறக்கிற பிள்ளைக்கும் வரும்பானுவ. எவன் கட்டுவான்?" என்றார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நானாக முடிவு செய்யவில்லை.

ஆறு மாதம்தானே.

20-8-2016

வீடு மாறிவிட்டோம். பாவூர்சத்திரத்தில் ஒரு வளவு. வரிசையாக ஐந்து வீடு, எங்களுடையது கடைசி. முன்னறை, அடுக்களை, பின்னால் குளியலறை. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் குடோன் சுவர். கையை நீட்டினால் தொடலாம். இங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. ஒரு வகையில் நிம்மதி.

பிரமு, "புதுப் பள்ளிக்கூடம் எங்கம்மா?" என்று கேட்டாள். கோமதி கல்யாணம் முடியட்டும் என்றேன். சரி என்றாள். நல்ல பிள்ளை.

3-9-2016

மாலை நாலு மணிக்கு வந்தது. இரண்டு நிமிஷம். வாயில் துணியை வைத்துச் சத்தத்தை அடக்கினேன். டாக்டர் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், வேறு வழியில்லை.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் வம்பு. இனிமேல் அந்த நோயின் பெயரை எழுதப் போவதில்லை. வந்தது, வரவில்லை, அவ்வளவுதான்.

15-9-2016

டாக்டரிடம் போகிற தேதி. போகவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம். வழியில் வந்துவிட்டால்? பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டேன். சத்து மாத்திரை தீர்ந்துவிட்டது. அது சத்து மாத்திரைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

9-10-2016

மத்தியானம் கதவைத் தட்டிய சத்தம். விளையாட்டு டீச்சர், எஸ்தர் டீச்சர். எப்படியோ விசாரித்து வந்துவிட்டார். பிரமுவைப் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லாமலே எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"பிரம்மசக்தி இருக்காளாம்மா?"

"அவ அவங்க அப்பாகூடத் திருவனந்தபுரத்துல இருக்கா டீச்சர். அங்கயே சேத்தாச்சு."

"டி.சி. வாங்கலையே?"

"வாங்கணும்."

டீச்சர் தண்ணீர் கேட்டார். முன்னறையில் இருந்த குடத்திலிருந்தே கொடுத்தேன். குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அதுக்கு மருந்து இருக்கும்மா. எங்க அண்ணன் மகனுக்கும் உண்டு. இன்னைக்கு இன்ஜினியரிங் படிக்கான். அவளை விட்டுராதீங்க. மாநிலம் வரைக்கும் போக வேண்டிய கை அது."

"அவளுக்கு அதெல்லாம் கிடையாது டீச்சர். அன்னைக்கு வெயில்ல மயக்கம்."

டீச்சர் தம்ளரை என்னிடம் தந்தார். பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து, அப்பாவிடம் கொடுத்து அனுப்புங்கள் என்று வைத்துவிட்டுப் போனார்.

அடுக்களைக் கதவைத் திறந்தேன். பிரமு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தன் வாயைத் தானே பொத்தியிருந்தாள். நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்கிற பிள்ளை.

12-10-2016

வளையத்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடிக்கிறாள். டொம் டொம் என்று சத்தம். "ஏம்மா, உள்ள என்ன சத்தம்?" என்று ஜெயக்கொடி அக்கா கேட்டார்கள். எலி என்றேன். வளையத்தைப் பரணில் போட்டுவிட்டேன்.

20-11-2016

கார்த்திகை பிறந்ததிலிருந்து மூன்று தடவை. கோமதியின் கூட்டாளி வீட்டில் சொன்னார்கள் என்று ஒரு சாமியாடியிடம் போனேன். பிரமுவைக் கூட்டிப் போகவில்லை, அவள் சட்டையை மட்டும் கொண்டுபோனேன். கயிறு மந்திரித்துக் கொடுத்தார். பத்தியம் சொன்னார். பால் கபம், முட்டை சூடு, சாளை மீன் கிரந்தி. மூன்றையும் ஒரு மண்டலம் தொடக் கூடாது.

சாளை என்றால் பிரமுவுக்கு உயிர். பொரித்த வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தபோது, "நாப்பத்தெட்டு நாள்தானம்மா" என்று அவளே என்னைத் தேற்றினாள்.

8-1-2017

மண்டலம் முடிந்தது. இடையில் ஒருமுறைதான் வந்தது. பத்தியம் வேலை செய்கிறது. இதையே நீட்டிக்கலாம் என்று இருக்கிறேன்.

தையில் கோமதிக்கு அமையவில்லை. ஒரு இடம் வந்து ஜாதகம் பொருந்தாமல் போய்விட்டது. இன்னும் ஒரு வருஷம்.

17-2-2017

பிரமு பெரிய மனுஷி ஆனாள். அடுக்களையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன், கோமதி மட்டும் கூட இருந்தாள். கோமதி ஆனபோது பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வந்து, மூன்று நாள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையுமாகக் கொடுத்தோம். இவளுக்கு முட்டை இல்லாமல் களி மட்டும். "எனக்குப் பந்தல் எப்பம்மா?" என்றாள். உன் கல்யாணத்துக்குப் போடுவோம் என்றேன். கோமதி எழுந்து குளியலறைக்குள் போய்விட்டாள். ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

11-3-2017

கால் வலிக்கிறது என்கிறாள். வளருகிற வயது, எலும்பு நீளும்போது வலிக்கத்தான் செய்யும். தேங்காயெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். இப்போது அவளும் என்னோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள். கை வேகம். என்னை மிஞ்சிவிடுவாள் போல. காலையில் தட்டை மடியில் வைத்தால் சாயங்காலம் வரை அசைவதில்லை.

30-4-2017

வெளியே அக்கினி வெயில். வீட்டுக்குள் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பிரமு நன்றாக நிறம் கொடுத்திருக்கிறாள். இவர் ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரி மாதிரி ஆயிட்டா" என்றார்.

தரையிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, ஏறி ஏறி எழுகிறாள். கிழவி மாதிரி எழும்புறியே என்று கோமதி கேலி செய்தாள். பிரமு உடனே கிழவி மாதிரியே பேசிக் காட்டினாள். மூவரும் சிரித்தோம்.

7-6-2017

வளையல் மணிக்கட்டில் இறுகுகிறது. சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன். கை எலும்பு இரண்டு பக்கமும் புடைத்தாற்போல் இருக்கிறது. சதை போட்டிருக்கிறாளோ என்று பார்த்தால் உடம்பு ஒல்லியாகத்தான் இருக்கிறது. நடக்கும்போது இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து நடக்கிறாள். முழங்கால் இரண்டும் உரசுகிறது.

பள்ளிக்கூடம் திறந்த நாள். வளவுப் பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போவதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். நான் பார்க்காதது போல இலை வெட்டிக்கொண்டிருந்தேன்.

14-7-2017

இந்த மாதம் இதுவரை ஐந்து. மாத்திரை ஒருவேளையும் விடவில்லை. ஏன் கூடுகிறது என்று தெரியவில்லை. இன்று வந்தது வேறு மாதிரி. நினைவு தப்பவில்லை. விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மணிக்கட்டு மடங்கிவிட்டது. "எம்மா, விரல் விரியலம்மா, விரல் விரியலம்மா" என்று அழுதாள். பத்து நிமிஷம். நான் பிரிக்கப் பிரிக்க மூடிக்கொண்டது.

டாக்டரிடம் போகலாம் என்று புடவை மாற்றிவிட்டேன். அப்போதுதான் தரகர் போன் செய்தார். கடையநல்லூர்ப் பக்கம் ஒரு இடம், மாப்பிள்ளைக்குச் சொந்தமாக மரக்கடை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டும்.

16-7-2017

மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வந்தார்கள். பிரமுவைக் குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தேன். கேசரி கொடுத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி, நிதானமாகப் பேசுகிறவள். "ஒத்தப் பிள்ளையா?" என்று கேட்டாள். இவர்தான் ஆமா என்றார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன் என்று கோமதி அப்புறம் சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை.

கோமதியைப் பிடித்துவிட்டது. தை மாதத்தில் முகூர்த்தம்.

எல்லாரும் போனபின் கதவைத் திறந்தேன். ஸ்டூலிலிருந்து அவளால் எழ முடியவில்லை. தூக்கிவிட்டேன். கேசரி அப்படியே இருந்தது. "நான் ஒரு சத்தமும் போடலம்மா" என்றாள்.

23-9-2017

வந்தது.

25-9-2017

வந்தது. இரண்டு தடவை.

2-10-2017

வந்தது. விரலும் மடங்கியது. கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்து வந்தோம்.

19-11-2017

கோமதி என்னிடம் சண்டை. "அவளை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கம்மா, நான் கூட வாரேன். இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்றாள். எல்லாம் உனக்காகத்தானே என்றேன். "எனக்காகன்னு சொல்லாதீங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று கத்தினாள். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த பிரமு, "மெல்லப் பேசுக்கா, கேட்டுரும்லா" என்றாள்.

இன்னும் இரண்டு மாதம். முடிந்த மறுநாளே கூட்டிப் போகிறேன் என்று கோமதி தலையில் கை வைத்துச் சொன்னேன்.

29-1-2018

கோமதி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

விடிகாலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டோம். பிரமுவுக்குப் புளியோதரையும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, டிவியைப் போட்டு, வெளியே பூட்டினேன். யாரும் உள்ளே வந்துவிடக் கூடாதே என்றுதான் பூட்டியது. அவளுக்கும் புதுப் பாவாடை சட்டை எடுத்திருந்தேன். ஊதா நிறம்.

சாயங்காலம் நாலரைக்கு வந்து பூட்டைத் திறந்தேன். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் கிடந்தாள். புதுப் பாவாடையைக் கட்டியிருந்தாள். வலது தொடை, இருக்க வேண்டிய மாதிரி இல்லை. நடுவில் மடங்கியிருந்தது.

விழவில்லையாம். அதுவும் வரவில்லையாம். டிவியில் பாட்டு வந்திருக்கிறது. கண்ணாடி பார்க்கலாம் என்று எழுந்து ஒரு காலில் பாரம் போட்டுத் திரும்பியிருக்கிறாள். மரக்கொப்பு முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டதாம். அப்போது டிவியில் பதினொரு மணிச் செய்தி.

"ஏன்டி கத்தலை? ஜெயக்கொடி அக்கா வீட்டுலதான இருந்தாவ?"

"கத்தினா இருக்கது தெரிஞ்சுரும்லா" என்றாள்.

30-1-2018

மறுவீடு. பதினேழு பேருக்குச் சமைத்தேன். பிரமு அடுக்களைக்குள் பாயில். காலை அசைக்காமல் இருந்தால் வலி தெரியவில்லை என்றாள். மாப்பிள்ளை குழம்பு நன்றாக இருந்தது என்றார்.

31-1-2018

எலும்பு கட்டுகிறவரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். தொடையைத் தொட்டுப் பார்த்தார், மற்றக் காலையும் தொட்டார், முழங்கையைத் தொட்டார். கையை எடுத்துவிட்டார். "இது கட்டுத எலும்பு இல்லம்மா. நான் அமுக்கினா இன்னொரு எடத்துல போயிரும். இது எத்தனை நாளாக் கெடக்கு?" என்றார். நேற்றிலிருந்து என்றேன். பிரமு என்னைப் பார்த்தாள்.

1-2-2018

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் வளவுக்குள் வரவில்லை. நாலு பேர் ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஐந்து வீட்டு வாசலையும் தாண்டினார்கள். பிரமு முகத்தைத் துண்டால் மூடச் சொன்னாள். மூடினேன். யாரோ, "செத்துப்போச்சா?" என்று கேட்டார்கள்.

3-2-2018

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் வைத்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இன்னொரு பிள்ளையின் படத்தை வைத்தார். அப்போது புரிந்தது. அந்தப் பிள்ளையின் எலும்பு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. பிரமுவுடையது புகை மாதிரி இருந்தது. தொடையில் முழு முறிவு. இடுப்பில் இரண்டு இடத்தில் விரிசல், அவை பழையவை. அந்த வலியோடுதான் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றியிருக்கிறாள்.

"என்ன சாப்பாடு குடுத்தீங்க? வெளிய போவாளா? என்ன மாத்திரை?" கேட்டுக்கொண்டே வந்தார். நோட்டைக் கொடுத்தேன். டாக்டர் எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறேன் என்றேன்.

நின்றுகொண்டே படிக்கத் தொடங்கியவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். மறுபடி படித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்ததும் நோட்டைச் சாய்த்து மறைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையும் நீங்களே எழுதி வச்சிருக்கீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்த மாத்திரை உடம்பிலுள்ள வைட்டமின் டியைச் செலவழித்துவிடும். வெயில் பட்டால்தான் அது தோலில் ஊறும். அது இல்லாமல் எந்தச் சுண்ணாம்புச் சத்தும் எலும்பில் ஏறாது. இவளுக்கு வெயிலும் இல்லை, பாலும் இல்லை, மீனும் இல்லை, ஓட்டமும் இல்லை. எலும்பு கனம் பிடிக்கிற வயதே இந்த மூன்று நாலு வருஷம்தானாம்.

"கடைசி வருஷம் வலிப்பு ஏன் கூடுச்சுன்னு தெரியலன்னு எழுதியிருக்கீங்க. ரத்தத்துல கால்சியம் பாதிதான் இருக்கு. அது அவ்வளவு இறங்கினா வலிப்பு வரும். விரல் மடங்கினதும் அதனாலதான்."

எனக்குக் கேட்டது. ஆனால் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

வலிப்பை மறைக்கத்தான் உள்ளே வைத்தேன்.

4-2-2018

ஆபரேஷன் இப்போது முடியாது. கம்பி வைத்தால் பிடிக்க எலும்பில் பலமில்லை. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கையில் கால்சியம் ஏறுகிறது.

இவர் வந்தார். வார்டு வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. சாயங்காலம் வண்டி ஏறிவிட்டார், லீவு இல்லையாம்.

26-2-2018

இன்றோடு இருபது நாள் வரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் இப்படி இருந்ததே இல்லை. நர்ஸ் சந்தோஷமாகச் சொன்னாள். நான் வராண்டாவில் போய் நின்றேன்.

4-3-2018

கோமதியும் அவள் மாமியாரும் வந்தார்கள். எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனேன். அந்த அம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பிரமு கையில் கொடுத்தாள். பிறகு என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போனாள்.

"மைனி, தரகர் முதநாளே எங்ககிட்டச் சொல்லிட்டாரு, சின்னவளுக்கு இப்படின்னு. நாங்க தெரிஞ்சுதான் வந்தோம். அதுக்குத்தான் ஒத்தப் பிள்ளையான்னு கேட்டேன். நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லல. சரி, பொறவு சொல்லுவாவன்னு விட்டுட்டேன்."

"அப்பமே கேட்டிருக்கலாம்லா மைனி" என்றேன்.

"கேட்டிருக்கலாம்" என்றாள் அந்த அம்மா. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "உள்ளயே இருக்கான்னு எனக்குத் தெரியாது மைனி. எங்கயோ ஆஸ்டல்ல இருக்கான்னு நெனச்சேன்."

கோமதி என்னோடு பேசவில்லை. போகும்போது தங்கைக்குத் தலை பின்னிவிட்டுப் போனாள்.

19-5-2018

டிஸ்சார்ஜ். எலும்பு கூடிவிட்டது, கோணலாகத்தான் கூடியிருக்கிறது. வலது கால் இரண்டு விரற்கடை கட்டை. முழங்கால் வளைவு அப்படியேதான் இருக்குமாம். ஆபரேஷனில் நிமிர்த்தலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். இடுப்பு எலும்பு தாங்குமா என்று இரண்டு வருஷம் கழித்துப் பார்ப்போம் என்றார். அதற்குள் உயரம் நின்றுவிடும். இப்போதே நின்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை.

வளையப்பந்து பற்றிப் பிரமு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாக்கர் கொடுத்திருக்கிறார்கள். வேறு வலிப்பு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். தினமும் பால், முட்டை, மீன். காலையில் இருபது நிமிஷம் வெயில், கையும் காலும் நன்றாகப் படும்படி.

17-6-2018

ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி இன்றுதான் சம்மதித்தாள். காலை ஒன்பது மணிக்கு வளவு வாசலில் வெயில் விழும். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். பதினைந்து வயதுப் பிள்ளை, தூக்கக் கனமே இல்லை.

வெயில் பட்டதும் கண்ணை இடுக்கிக்கொண்டாள். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜெயக்கொடி அக்கா வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"எம்மா, ஆளு வருது. உள்ள தூக்கிட்டுப் போ."

"வரட்டும்டி. ஜெயக்கொடி அக்காதான்."

"பாத்துருவாவம்மா."

"பாக்கட்டும். இனி யாருக்கும் ஒளிய வேண்டாம். அம்மா சொல்லுதேம்லா."

என் புடவைத் தலைப்பை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே அவள் மூச்சு வேகமாக வாங்கியது. ஒரு கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயக்கொடி அக்கா என்னைப் பார்த்துவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டார்கள்.

இருபது நிமிஷம் என்று டாக்டர் சொன்னார். மூன்று நிமிஷம் இருந்தாள். தூக்கிக்கொண்டு வந்தேன். கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன்.

18-6-2018

இரண்டு நிமிஷம்.

19-6-2018

நாற்காலியை எடுத்ததும் அழுதாள். போகவில்லை.